எம்டன்: சென்னையைச் சுட்ட கப்பலும் ஜப்பான் கரையில் நடந்த முன்கதையும்

"அவன் சரியான எம்டன்டா, ஜாக்கிரதையா இரு!"

பழனி பஸ் ஸ்டாண்டிலும் சரி, நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டியிலும் சரி, பெரியவர்கள் வாயில் சர்வசாதாரணமாக வந்து விழும் வார்த்தை இது. கில்லாடி, கண்டிப்பானவர், எதற்கும் துணிந்தவர், கொஞ்சம் ஆபத்தானவர்... எல்லாம் சேர்ந்த ஒரு பட்டம். வகுப்பில் கணக்குப் பதிவியல் எடுக்கும் வாத்தியாருக்குப் பல கல்லூரிகளில் இதுதான் பட்டப்பெயராக இருக்கும்! 2006-ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் எடுத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு சொன்னதும் அது 'எம் மகன்' ஆகிவிட்டது. ஏனென்றால் எம்டன் தமிழ் வார்த்தை இல்லை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர் அது.

கடலே இல்லாத திண்டுக்கல் சீமைக்கு ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் எப்படி வந்தது? அந்த ஊரின் பெயரைச் சூட்டிய ஒரு போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு மழை பொழிந்தது. இவ்வளவுதான் பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்த இரவில் சுடப்பட்டது எது, திருப்பிச் சுட்டது யார், ஓடியது யார் என்று பிரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் கப்பலைப் பார்த்துவிடுவோம். 1908-ல் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்டது எம்டன். பெரிய கப்பல் ஒன்றும் இல்லை. இலகு ரக க்ரூசர். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, மூன்று புகைபோக்கிகள், நிலக்கரியில் ஓடும் எஞ்சின். சீனக் கரையில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த சிங்தாவ் துறைமுகம்தான் இதன் தளம். கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். அதிகம் பேசாத மனிதர் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியதும் கிழக்கே இருந்த ஜெர்மன் கப்பல் படை பசிபிக் வழியாகத் தென் அமெரிக்கா பக்கம் போக முடிவு செய்தது. முல்லர் மட்டும் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டார். சுற்றிலும் எதிரி நாட்டுத் துறைமுகங்கள். நிலக்கரி தீர்ந்தால் போட ஆள் இல்லை. எதிரியின் சரக்குக் கப்பலைப் பிடித்து அதிலிருக்கும் நிலக்கரியை எடுத்துத்தான் அடுத்த கப்பலைப் பிடிக்கப் போக வேண்டும். முதலே போடாமல் வியாபாரம் செய்வது போலத்தான்!

ஏமாற்று வேலைக்காகக் கான்வாஸும் மரமும் வைத்துப் போலியாக நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கிலேயர்களின் யார்மவுத் க்ரூசர் போலத் தெரியும். செப்டம்பர் 10-ம் தேதி வங்காள விரிகுடாவில் முதல் ஆங்கிலேயக் கப்பல் சிக்கியது. பெயர் இண்டஸ். அதற்கடுத்த நாலைந்து நாட்களில் லோவட், கில்லின், டிப்ளோமட், டிராபோக், கிளான் மதீசன் என்று வரிசையாக விழுந்தன. இண்டஸில் மூட்டை மூட்டையாக சோப்பு இருந்தது. எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம் அது. டிப்ளோமட் தேயிலையோடு மூழ்கியது. கிளான் மதீசனில் ரயில் எஞ்சின்களும் மோட்டார் கார்களும் பந்தயக் குதிரைகளும் போயின.

இதில் கபிங்கா என்ற கப்பலின் கதை வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. கப்பல் ஆங்கிலேயர்களுடையது. ஆனால் அதில் இருந்த சரக்கு அமெரிக்கர்களுடையது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. சரக்கோடு மூழ்கடித்தால் ஜெர்மனி அமெரிக்க வியாபாரிகளுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரும். முல்லர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கப்பலை மூழ்கடிக்காமல், மற்ற கப்பல்களில் பிடித்த மாலுமிகளையெல்லாம் அதில் ஏற்றி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்கள் அவருக்கு மூன்று முறை 'ஹுர்ரே' சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். இப்படியும் ஒரு போர்!

ஆனால் செய்தி கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நடந்ததுதான் முக்கியம். வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியே வரவில்லை. போர் ஆபத்துக்கான காப்பீட்டு பிரீமியம் எகிறியது. மூழ்கிய கப்பல்கள் சில. மூழ்கிவிடுவோமோ என்று நின்றுபோன கப்பல்கள் பல. மூழ்கிய கப்பலுக்கு ஒரு தடவைதான் நஷ்டம். நிற்கிற கப்பலுக்குத் தினமும் நஷ்டம். ஒரே ஒரு க்ரூசர், அதில் சுமார் முந்நூற்றைம்பது பேர். ஒரு முழுக் கடலின் வியாபாரம் ஸ்தம்பித்தது.

முல்லருக்கு இது போதவில்லை. கரையில் இருப்பவர்கள் கண்ணால் பார்க்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். ஆங்கிலேயர்களின் வியாபாரத்தைக் கலைக்க வேண்டும், அவர்களின் மதிப்பைக் குறைக்க வேண்டும், இந்திய மக்களை நிமிர்ந்து பார்க்க வைக்க வேண்டும், அதற்காகவே இந்தத் தாக்குதல் என்று அவரே பின்னாளில் எழுதினார். இலக்காக அவர் தேர்ந்தெடுத்தது சென்னைத் துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை.

அது ஏன் எண்ணெய்? அப்போது தமிழ்நாட்டில் மின்விளக்கு என்பது பட்டணத்தில் சில தெருக்களில் மட்டும். மற்ற ஊர்களில் விளக்கெரிக்க மண்ணெண்ணெய்தான். பர்மாவின் ஏனாங்ஜாங் கிணறுகளில் எடுத்து, ரங்கூன் பக்கத்தில் சிரியத்தில் சுத்திகரித்து, கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து தகர டின்னில் உள்நாட்டுக்குப் போகும். கிராமத்துச் சிமினி விளக்கின் மறுமுனை அந்தத் தொட்டிகள். அதோடு, எண்ணெய் எரிந்தால் வெளிச்சம் நெடுந்தூரம் தெரியும். முல்லருக்கு வேண்டியதும் அதுதான்.

செப்டம்பர் 22 மாலை எம்டன் மாலுமிகள் எல்லோரும் குளித்து, துவைத்த உடை உடுத்திக்கொண்டார்கள். காயம் பட்டால் சீழ் பிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. (இண்டஸ் சோப்பு உபயோகப்பட்டது!) இரவு ஒன்பதரை மணி வாக்கில் விளக்குகளை அணைத்துக்கொண்டு கப்பல் கரையை நெருங்கியது. வழி தேட வேண்டிய சிரமமே இல்லை. சென்னையின் கலங்கரை விளக்கம் அப்போது உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாகப் போர் நடக்கிறது, இரண்டு வாரம் முன்பு பக்கத்துக் கடலில் கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன, ஆனாலும் ஊரில் விளக்கு அணைக்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படை இருக்கும்போது இங்கே யார் வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கை.

சுமார் மூவாயிரம் கஜ தூரத்தில் எம்டன் நின்று தேடுவிளக்கைப் போட்டது. தொட்டிகள் வெள்ளையாகத் தெரிந்தன. பிறகு சுட ஆரம்பித்தது. மொத்தம் சுமார் 130 குண்டுகள். இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. சில குண்டுகள் தொட்டியைத் தாண்டி ஊருக்குள் விழுந்தன. ஒன்று உயர்நீதிமன்ற வளாகத்தைத் தாக்கியது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலின் மேலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதிலுக்குச் சுட்டன. ஒன்றுகூடப் படவில்லை. எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எம்டன் இருட்டில் தெற்கே திரும்பியது. கடலில் வெகுதூரம் போன பிறகும் பின்னால் தீ தெரிந்தது என்று மாலுமிகள் எழுதியிருக்கிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் சேதம் அதிகமில்லை. எரிந்த எண்ணெயைக் கம்பெனி தாங்கிக்கொள்ளும். ஆனால் மறுநாளிலிருந்து ஊர் காலியாக ஆரம்பித்தது. ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில், கிடைக்காதவர்கள் மாட்டு வண்டியில், அதுவும் இல்லாதவர்கள் கால்நடையாக. பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர்களுக்குப் போனார்கள். ஜெர்மன்காரன் மறுபடி வருவான், கரையில் இறங்குவான் என்று வதந்தி. மண்ணெண்ணெய் விலை என்ன ஆகுமோ என்று கவலை. இப்படிச் சென்னையிலிருந்து கிளம்பிய வண்டிகளில் ஏறித்தான் 'எம்டன்' என்ற வார்த்தையும் உள்நாட்டுக்கு வந்திருக்க வேண்டும். மலையாளத்திலும் 'யமண்டன்' என்று ஆகி நின்றுவிட்டது. ஓடி வந்தவர்கள் அந்தப் பெயரைத் திட்டாக வைக்கவில்லை, பட்டமாக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பயமும் இருந்தது, வெள்ளைக்காரனையே ஆட்டிவிட்டானே என்ற ரசனையும் இருந்தது.

இனி ஜப்பானுக்கு வருவோம். எம்டனைத் தேடி அலைந்த கப்பல்களில் ஹாம்ப்ஷயர், யார்மவுத் என்ற ஆங்கிலேயக் கப்பல்களோடு சிகுமா என்ற ஒரு க்ரூசரும் இருந்தது. அது ஜப்பானியக் கப்பல். ஜப்பான் 1914 ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனி மேல் போர் அறிவித்து, பிரிட்டனின் கூட்டாளியாக வங்காள விரிகுடா வரைக்கும் வந்துவிட்டது. சென்னைக் கரையைக் காக்க ஜப்பான் கப்பல்! இதிலென்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். ஐம்பது வருடம் பின்னால் போனால் ஆச்சரியம் தெரியும்.

1862 செப்டம்பரில் யோகோஹாமா பக்கத்தில் நமமுகி என்ற கிராமத்தில், சத்சுமா என்ற சிற்றரசின் பரிவாரம் போகும்போது வழிவிடாத ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய வியாபாரியைச் சாமுராய்கள் வெட்டிக் கொன்றார்கள். பிரிட்டன் நஷ்டஈடு கேட்டது. மைய அரசான ஷோகுனேட் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. சத்சுமா கொடுக்க மறுத்தது. 1863 ஆகஸ்டில் அட்மிரல் கூப்பர் தலைமையில் ஏழு பிரிட்டிஷ் கப்பல்கள் சத்சுமாவின் தலைநகரான ககோஷிமாவுக்கு வந்து நின்றன. புயல் காற்று அடிக்கும் நாள். கரைப் பீரங்கிகள் முதலில் சுட்டன. கொடிக்கப்பலான யூரியாலஸில் கேப்டன் ஜாஸ்லிங்கும் அவருடைய துணை அதிகாரியும் ஒரே குண்டில் இறந்தார்கள். பதிலுக்கு ஊரில் சுமார் 500 வீடுகள் எரிந்தன. கரைப் பீரங்கிகள் பெரும்பாலும் அடங்கிப்போயின. சேதம் பட்ட பிரிட்டிஷ் கப்பல்களும் ஆளை இறக்காமல் திரும்பின.

அதற்குப் பிறகு சத்சுமா 25,000 பவுண்டு கொடுக்கச் சம்மதித்தது. ஆனால் பணத்தை ஷோகுனேட்டிடம் கடன் வாங்கிக் கொடுத்தது, அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை! அதே பேச்சுவார்த்தையில் உங்களிடமே கப்பல் வாங்க வேண்டும், உதவி செய்யுங்கள் என்றும் கேட்டது. சில மாதங்களுக்கு முன்னால் ஊரை எரித்தவனிடம் கேட்ட கேள்வி இது. அந்த நாளில் ககோஷிமா கரைப் பீரங்கியருகே நின்றவர்களில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் உண்டு. பெயர் டோகோ. பின்னால் இங்கிலாந்துக்கே போய்க் கடற்போர் படித்து, 1905-ல் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த அட்மிரல் டோகோ.

அதே 1863-ல் சோஷு என்ற இன்னொரு சிற்றரசு, ஷிமோனோசெகி நீரிணையில் போன அமெரிக்க, பிரெஞ்சு, டச்சுக் கப்பல்களைச் சுட்டது. அடுத்த வருடம், 1864 செப்டம்பரில், பிரிட்டன், பிரான்ஸ், ஹாலந்து, அமெரிக்கா நாலும் சேர்ந்து 17 கப்பல்களோடு வந்து கரைப் பீரங்கிகளை நொறுக்கி, பீரங்கிகளையே கழற்றி எடுத்துக்கொண்டு போயின. அதில் ஒன்று பாரிஸில் இருக்கிறது. இந்தச் சண்டை வரப்போகிறது என்று லண்டனில் பத்திரிகையில் படித்துவிட்டு, ரகசியமாகப் படிக்கப் போயிருந்த இரண்டு சோஷு மாணவர்கள் பதறி ஊர் திரும்பினார்கள். வேண்டாம், ஜெயிக்க முடியாது என்று மன்றாடினார்கள். யாரும் கேட்கவில்லை. அந்த இருவரில் ஒருவர் இட்டோ ஹிரோபூமி. அப்போது வயது 22. ஏறக்குறைய இன்று கல்லூரி முடிக்கிற வயது. 1885-ல் ஜப்பானின் முதல் பிரதமர் ஆனார்.

ஷிமோனோசெகிக்கு நஷ்டஈடு 30 லட்சம் டாலர். சுட்டது சோஷு, பில் போனது ஷோகுனேட்டுக்கு. பாதி கட்டிய நிலையில் ஷோகுனேட்டே கவிழ்ந்துவிட்டது. கவிழ்த்தவர்கள் யார் என்றால், இதே சத்சுமாவும் சோஷுவும்தான். மீதியைப் புதிய மெய்ஜி அரசு 1874 வரை கட்டி முடித்தது. அமெரிக்கா தன் பங்கு 7,85,000 டாலரை 1883-ல் திருப்பிக் கொடுத்தது. ஜப்பான் அதை யோகோஹாமா துறைமுகம் கட்டச் செலவழித்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ககோஷிமாவிலும் ஷிமோனோசெகியிலும் சுடப்பட்ட ஊர் அவர்களுடையது, சுட்ட பீரங்கி அவர்களுடையது, தோற்ற அவமானமும் அவர்களுடையது. அதனால் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. சென்னையில்? எரிந்த எண்ணெய் கிளாஸ்கோவில் தொடங்கிய கம்பெனியுடையது. சுப்ரா கப்பல் ஆங்கிலேயர்களுடையது. கரைப் பீரங்கியும் அவர்களுடையதே. 1857-க்குப் பிறகு, மலைப் பீரங்கிப் படைகள் தவிர, இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுப்பதில்லை என்பதே சர்க்காரின் கொள்கை. போரை அறிவித்தது லண்டன். சென்னைக்காரர்களுக்கு என்று இருந்தது வண்டி மாடும் மூட்டை முடிச்சும்தான். ஓடுவதைத் தவிர அவர்கள் முடிவு செய்வதற்கு என்ன இருந்தது?

கப்பல் விட ஆசைப்பட்ட தமிழர் இல்லாமல் இல்லை. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கினார். கட்டணப் போட்டியில் வெள்ளைக்காரக் கம்பெனியை முறைத்துக்கொண்டு நின்றார். 1908-ல் சிறைக்குப் போனார். கம்பெனி நொடித்து, கப்பலும் விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் விடுதலையானவர் சொந்த ஜில்லாவுக்குப் போக முடியாமல் சென்னையில் குடியேறி, பிழைப்புக்கே சிரமப்பட்டார். எம்டன் வந்த காலத்தில் கடல் வாணிபம் செய்து பார்த்த தமிழரின் நிலைமை அது. சத்சுமாக்காரர்கள் தோற்ற சில மாதங்களில் கப்பல் வாங்கப் போனார்கள். இங்கே கப்பல் வாங்கியவரைச் செக்கிழுக்க வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர் வழிகாட்டித்தான் சென்னை சுடப்பட்டது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மேடைகளிலும் பேசுகிறார்கள். தேதிகளைப் பார்த்தாலே போதும். எம்டன் 1914 ஆகஸ்ட் 6-ல் கடைசியாகச் சிங்தாவை விட்டுக் கிளம்பிய பிறகு கடலிலேயே இருந்தது. செண்பகராமன் அப்போது ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில் இருந்தார். அக்டோபரில் பெர்லின் போய் அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவில் சேர்ந்தார். நடுவில் வங்காள விரிகுடாவுக்கு வர வழியே இல்லை. அவர் பெர்லினில் செய்த வேலையே பெரிது, அதற்கு இந்தக் கட்டுக்கதை தேவையில்லை. ஆனால் கதை ஏன் பிறந்தது என்பது புரிகிறது. அந்த இரவில் நம் ஆள் ஒருவராவது இருந்திருக்க மாட்டாரா என்ற ஏக்கம். வெறும் வேடிக்கை பார்த்தவர்களாக, ஓடியவர்களாக இருந்தோம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

எம்டனின் மிச்சக் கதை சுருக்கம்தான். இலங்கைக்குத் தெற்கிலும் மினிக்காய் பக்கத்திலும் இன்னும் பல கப்பல்களைப் பிடித்தது. அக்டோபரில் டியகோ கார்சியாவுக்குப் போனபோது அங்கிருந்தவர்களுக்குப் போர் வந்த சேதியே தெரியவில்லை. அவர்களும் கப்பலுக்கு விருந்தாளி மரியாதை செய்தார்கள். அக்டோபர் 28-ல் பினாங்கு துறைமுகத்தில் புகுந்து ஒரு ரஷ்யக் க்ரூசரை மூழ்கடித்தது, வெளியே வரும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும். நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்கப் போன இடத்தில் மாட்டியது. அந்தப் பக்கமாக ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த கப்பல்களில் ஒன்று ஜப்பானின் இபுகி. எம்டனை அடிக்க நான்தான் போவேன் என்று இபுகி துடித்தது. அதைக் காவலுக்கு நிறுத்திவிட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியை அனுப்பினார்கள். சிட்னியின் பெரிய பீரங்கிகள் முன் எம்டன் தாங்கவில்லை. முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் மோதி நிறுத்தினார். 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சென்னையில் உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதில் சுவரில், குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். பீச் ஸ்டேஷன் பக்கம் போகிறவர்கள் நின்று பார்க்கலாம்.

ஊரை விட்டு ஓடியவர்கள் சில வாரங்களில் திரும்பி வந்தார்கள். சென்னை மறுபடியும் மூட்டை கட்டியது 1942 ஏப்ரலில். அப்போது கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது, சென்னையில் அரசாங்க அலுவலகங்களே உள்நாட்டுக்குக் கிளம்பிவிட்டன. அந்த முறை எல்லோரும் பயந்தது ஜப்பானியக் கப்பல்களுக்கு.